சிவப்போடு சிவப்பு சேர வேண்டிய இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்றும் தடுமாறுகிறேன். எங்கள் பகுதித் தமிழர்கள் ஆண்டுக்கு ஒருமுறை போடும் மலருக்காக இதை எழுதுகிறேன். கணினியில் ஏற்றுகிறவர் எழுத்துப் பிழைகளைத் தாராளமாகத் திருத்தலாம். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. கலியாண வீடுகளில் செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். யாராவது நலம் கேட்டால் சிரிப்பேன். அப்படிப்பட்டவன் இருநூறு மாணவர்களுக்கு முன்னால் போய் நின்ற கதை இது.

அப்போது நானும் மனைவியும் ஜெர்மனிக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, டுல்டுங் என்ற தாளோடு வுப்பர்டாலில் இருந்தோம். டுல்டுங் என்றால் இங்கே இருக்க உரிமை இல்லை, இன்றைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கப் போக வேண்டும். தாளின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் மனைவி ஒரு பையில் இரண்டு பேருக்கும் மாற்றுத்துணி எடுத்து வைப்பாள். அங்கேயே பிடித்து விமானம் ஏற்றிவிட்டால் உடுக்க ஏதாவது வேண்டுமே என்பாள்.

அந்த ஆண்டு ஒரு புதிய ஒழுங்கு வந்தது. நீண்ட காலம் இங்கே இருந்தவர்களுக்கு நிரந்தர வேலை இருந்தால் ஒழுங்கான விசா தருவார்கள். எனக்கு ஒரு துப்புரவு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிகிற வாரம் புதன்கிழமை, வேலை நிரந்தரம் என்று நிறுவனம் கடிதம் தர வேண்டும். அடுத்த நாள், வியாழக்கிழமை காலை, வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின், அதாவது வரச் சொல்லிக் குறித்த நேரம். அந்தக் கடிதம் இல்லாமல் போனால் எல்லாம் பழையபடி. அல்லது அதைவிட மோசம். அன்று காலக்கெடு முடிகிற எங்கள் தாளைப் புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ, யாருக்கும் தெரியாது.

எங்கள் வேலையை மேற்பார்வை செய்தவர் ஒரு துருக்கிப் பெண்மணி. அவருடைய ஜெர்மனும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆகையால் அவர் பேசினால் எனக்கு விளங்கும். அவர் அடிக்கடி நினைவூட்டுவார்.

“முறைப்பாடு வரக்கூடாது. ஒன்று வந்தாலும் முதலாளி கையெழுத்துப் போட மாட்டார். இன்னும் ஒரு வாரம். மூச்சைக் கூட மெதுவாக விடு.”

என்னைப் போட்டது ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டிடத்தில். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மதியத்துக்கு முன் முடியும். அந்தக் கட்டிடத்தில் எனக்குப் பயம் தராத பொருள் எதுவும் இருக்கவில்லை. மண்டையோடு போட்ட போத்தல்கள், நெருப்புப் படம் போட்ட அலுமாரிகள், தாழ்வாரத்தில் தொங்கும் ஒரு சங்கிலி. அதை இழுத்தால் மேலிருந்து தண்ணீர் கொட்டுமாம், உடம்பில் அமிலம் பட்டவர்களுக்காக. துடைப்பத்தின் கைப்பிடி தவறிப்போய் அந்தச் சங்கிலியில் மாட்டிவிடுமோ என்று நான் எப்போதும் சுவர் ஓரமாகவே நடப்பேன். மேற்பார்வையாளர் முதல் நாளே சட்டம் சொல்லித் தந்திருந்தார்: மேசைக்கு மேலே உள்ளதெல்லாம் அவர்களுடையது, மேசைக்குக் கீழே உள்ளது உன்னுடையது. ஆறு மாதம் நான் அதை மீறவில்லை.

பெரிய விரிவுரை மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஆயத்த அறை இருந்தது. பேராசிரியர் வகுப்பில் காட்டுகிற பொருள்களை அங்கே ஒருவர் தயார் செய்வார். சாம்பல் நிற மேலங்கி போட்ட, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஜெர்மன்காரர். நான் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். அந்த அறையின் கண்ணாடி அலுமாரியில் மரத்தால் செய்த சில மாதிரிகள் இருந்தன. ஒரு கறுப்புப் பந்து. அதிலிருந்து நாலு பக்கமும் நாலு பெரிய கத்தரிக்காய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரிக்காயின் காம்புப் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். பெரிய பகுதி சிவப்பு என்றால் குமிழ் வெள்ளை, பெரிய பகுதி வெள்ளை என்றால் குமிழ் சிவப்பு. இப்படியான பந்துகளை இரும்புத் தண்டுகளில் நிறுத்தி, ஒன்றின் கத்தரிக்காய் மற்றதன் கத்தரிக்காயோடு முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி சோடி சோடியாக வைத்திருந்தார்கள். இரண்டு சோடி. என்ன பொருள், எதற்கு, எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை, வேலை முடிகிற நேரம், அவர் என்னைக் கூப்பிட்டு அலுமாரியைக் காட்டினார்.

“நாளை வேண்டும். தூசு. துடைத்துவிடுங்கள்.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மேசைக்கு மேலே உள்ள பொருளைத் தொடும்படி அந்தக் கட்டிடத்தில் எவரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குப் பயமும், கூடவே ஒரு பெருமையும் வந்தது. துணியால் துடைத்தேன். மூட்டுகளுக்குள் இருந்த தூசு போகவில்லை. கத்தரிக்காயைத் திருகிப் பார்த்தேன், கழன்றது. உள்ளே ஒரு மரமுளை. ஒன்று கழன்றதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, சவர்க்காரத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, இரண்டு சோடியையும் ஒன்றாகப் போட்டுக் கழுவினேன். பிறகு சூடாக்கியின் மேல் துணி விரித்து உலர்த்தினேன்.

திருப்பிப் பூட்டும்போதுதான் எது எங்கே இருந்தது என்று நினைவு வரவில்லை. ஒரு சோடியில் நடுவே சிவப்பும் வெள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம். மற்றதில் சிவப்பும் சிவப்பும். அதைக் கவனித்தபோதே, செய்தவர்களுக்கு வெள்ளை தீர்ந்து போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயிலுக்கு மாலை கட்டுவது நான். பழைய பட்டறை ஒன்றின் பின் அறையில் சாமியை வைத்திருக்கிறோம். பூக்கட்டும் மூலையில் யாரோடும் பேசத் தேவையில்லை என்பதால் அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சிவப்புக் கார்னேஷன் ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டு சிவப்பு அடுத்தடுத்து வந்துவிட்டால் பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். பல வருடப் பழக்கம். கைக்கு யோசிக்கத் தேவையில்லை. பந்தைச் சுற்றி ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று பூட்டினேன். நடுவே முகம் பார்க்கும் இடத்திலும், இரண்டு சோடிக்கும், ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. முளைகள் முன்பைவிட இறுக்கமாக இருந்தன. உள்ளங்கையால் தட்டி ஏற்றினேன். தள்ளி நின்று பார்த்தேன். வடிவாக இருந்தது.

அடுத்த நாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். ஆயத்த அறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாதிரிகளை யாரோ ஏற்கனவே ஒரு தள்ளுமேசையில் எடுத்து வைத்திருந்தார்கள். அப்போது ஒரு தமிழ்நாட்டுப் பெண் உள்ளே வந்தார். அங்கே ஆராய்ச்சி செய்பவர். விரிவுரைக்குப் பிறகு முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சி நடத்துவதும் அவர்தான். நான் தனியாக முணுமுணுத்ததைக் கேட்டு, தமிழ் என்று கண்டுபிடித்து, அன்று முதல் என்னோடு பேசுவார்.

“அண்ணா, டீ குடிச்சாச்சா?”

“ஓம், குடிச்சிட்டன்.”

“நீங்க ஓம்னு சொன்னா ஏதோ பூஜைல உக்காந்த மாதிரியே இருக்கு.”

சிரித்துக்கொண்டே தள்ளுமேசைப் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றது. பிறகு இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

“யாரு இத மாட்டினது? ரெண்டு செட்டும் தப்பு. இந்த மாலிக்யூல் ஒரு நொடி கூட நிக்காது.”

“ஏன் தங்கச்சி, வடிவாத்தானே இருக்கு” என்றேன்.

“அழகாதான் இருக்கு. அழகா இருந்து என்ன பண்றது, ஒட்டாதே.”

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். பின்னர் ஒருநாள் கேட்டு உறுதிப்படுத்தியும் கொண்டேன். கறுப்புப் பந்து ஒரு கரி அணு. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் இருக்கக்கூடிய இடத்துக்கு ஆர்பிட்டல் என்று பெயர். கரி அணுவின் வெளிப்பக்கத்தில் உருண்டையாக ஒன்று, இரு பக்கமும் வீங்கிய மூன்று, ஆக நாலு. வேறொரு அணுவோடு சேரும்போது இந்த நாலையும் கலந்து, ஒரே மாதிரியான நாலாக எண்ணிக்கொள்கிறார்கள்.

“தோசை மாவுல இது அரிசி, இது உளுந்துன்னு பிரிச்சுக் காட்ட முடியுமா? அப்படித்தான் இதுவும். கலந்தாச்சு. நாலும் ஒரே மாதிரி. எலெக்ட்ரானுக்கு எலெக்ட்ரானப் பிடிக்காது. அதனால எவ்வளவு தள்ளி நிக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, நாலு மூலைக்கு நிக்கும்.”

“அப்ப சிவப்பு, வெள்ளை?”

“அது நிறம் இல்லண்ணா, அடையாளம். எலெக்ட்ரான் அலை மாதிரி. அலைல ஏத்தம் இருக்கும், இறக்கம் இருக்கும். சிவப்பு ஏத்தம்னு வச்சுக்குங்க, வெள்ளை இறக்கம். ரெண்டு அணு கிட்ட வரப்ப ஏத்தமும் ஏத்தமும் சந்திச்சா நடுவுல அலை பெருசாகும். எலெக்ட்ரான் அங்க நிறைய இருக்கும். ரெண்டு பக்கத்து அணுக்கருவும் அத இழுத்துப் பிடிச்சுக்கும். அதான் பாண்ட், பிணைப்பு. ஏத்தமும் இறக்கமும் சந்திச்சா?”

அவரே சொன்னார்.

“அழிஞ்சு போயிடும். நடுவுல ஒண்ணுமே இருக்காது. ஒண்ண ஒண்ணு தள்ளிவிடும்.”

“அப்ப இப்பிடி ஒண்டு உலகத்திலயே இல்லையோ?”

“இருக்கு. ரெண்டு ஆர்பிட்டல் சேந்தா எப்பவும் ரெண்டு புது ஆர்பிட்டல் வரும், ஒண்ணு வராது. அது மாலிக்யூல் முழுசுக்கும் சொந்தம். ஒண்ணு சக்தி கம்மியா கீழ இருக்கும், ஒண்ணு மேல. கீழ இருக்கறதுல எலெக்ட்ரான் ரெண்டும் உக்காந்தா ஒட்டும். மேல இருக்கறதும் நிரம்பிட்டா ஒட்டினது விட்டுடும். புரொபசர் முதல்ல சிவப்பும் சிவப்பும் உள்ளதக் காட்டுவாரு, அடுத்து இத. இன்னிக்கு எதத் தூக்கினாலும் இதுதான் வரும். அந்த மனுஷன் ஆயத்தம் பண்றவர வறுத்து எடுக்கப் போறாரு. போன வாரம் கரும்பலகை ஈரமா இருந்துதுன்னே அரை மணி நேரம் கத்தினாரு. யாரு மாட்டினது, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அந்தப் பொய் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வழியில் ஆயத்தக்காரரைக் கண்டால் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டு, கையில் இருந்த வினாத்தாளைப் படியெடுக்க அவர் போய்விட்டார்.

நான் மேசைக்குப் போய் கத்தரிக்காயைப் பிடித்தேன். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். வாளியையும் எடுத்துக்கொண்டு அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றேன். நாற்பத்தாறு வயது மனிதன், மேசைக்குக் கீழே உள்ளதைத் துடைக்கிற பாவனையில் குனிந்து நின்றேன். சாம்பல் மேலங்கிக்காரர் வந்தார், மாதிரிகளைச் சரியாகப் பார்க்காமலே தள்ளுமேசையை மண்டபத்துக்குள் உருட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்து கோப்பி எடுக்க மறுபக்கத்து அறைக்குப் போனார். விரிவுரை பத்தே காலுக்கு. சுவர் மணிக்கூட்டில் பத்து ஆகியிருந்தது.

நான் நினைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பேராசிரியர் கத்துவார். யார் தொட்டது என்று கேட்பார். துப்புரவுக்காரன் என்பார்கள். நிறுவனத்துக்குத் தொலைபேசி போகும். நாளைக்குக் கடிதம் இல்லை. நாளை மறுநாள் மனைவி அந்தப் பையோடு எனக்குப் பக்கத்தில் நடந்து வருவாள். அந்தப் பையின் பட்டி ஒரு பக்கம் அறுந்து, அவள் நூலால் தைத்திருந்தாள். அது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சொன்னாலும் முறைப்பாடு, சொல்லாவிட்டாலும் முறைப்பாடு. பேராசிரியர் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு கத்தரிக்காயைக் கழற்றி மாற்றிப் போட்டால் போதும் என்று தோன்றியது. கதவைத் திறந்தேன்.

மண்டபம் படிப்படியாக மேலே ஏறும். அதுவரை நான் அதை வெறுமையாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று எல்லாப் படியிலும் முகங்கள். என் நீலச் சட்டையைக் கண்டதும் சத்தம் மெல்ல அடங்கியது. மேசையை அடைந்ததும் மேல் வரிசையில் யாரோ விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். இங்கே மாணவர்கள் கைதட்டுவதில்லை, மேசையில் தட்டுவார்கள். பாடம் நடத்த வருகிறவரை மெச்சுகிற வழக்கம் அது. கதவுக்கு வெளியே நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் பகிடிக்குத் தட்டினார்கள், இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் அது எனக்குக் கதவை உடைக்கிற சத்தமாகக் கேட்டது. தலையை நிமிர்த்தாமல் வெள்ளைக் கத்தரிக்காயை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன்.

அசையவில்லை. தண்ணீர் குடித்த மரம் ஊதிப்போய் முளை துவாரத்துக்குள் இறுகியிருந்தது. பந்தை நெஞ்சோடு அணைத்து இழுத்தேன். படார் என்று ஒரு சத்தம். முளை முறிந்து, பாதி உள்ளே, பாதி என் கையில்.

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் “ஓ” என்றாள்.

“அங்கே என்ன செய்கிறீர்கள்?”

சாம்பல் மேலங்கிக்காரர் கோப்பிக் குவளையோடு கதவில் நின்றார். பின் அறைக்கு ஓடிவிடலாம் என்றால் அந்தக் கதவில்தான் அவர் நிற்கிறார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் ஒரே நேரத்தில் மறந்து போனது. மிஞ்சிய சொற்களை வைத்துச் சொன்னேன்.

“நான். நேற்று. துடைக்கவில்லை, கழுவினேன். தண்ணீரில். எல்லாவற்றையும் கழற்றினேன். பிழையாகப் பூட்டினேன். இங்கே சிவப்பும் சிவப்பும் வர வேண்டும். இப்போது உடைத்துவிட்டேன்.”

அவர் குவளையை வைத்தார். உடைந்த துண்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். மேலங்கிப் பைக்குள் போட்டார். உடைந்த சோடியைத் தள்ளுமேசையின் கீழ்த் தட்டில் வைத்தார். மற்றச் சோடியில் ஒரு பந்தை இரும்புத் தண்டிலிருந்து தூக்கினார். எந்த முளையையும் கழற்றவில்லை. பந்தை அப்படியே கொஞ்சம் திருப்பினார். நான் சுற்றிவர ஒன்று விட்டு ஒன்று பூட்டியிருந்தேன் அல்லவா, வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு இருந்தது. அந்தச் சிவப்பு மற்றப் பந்தின் சிவப்பைப் பார்த்து நின்றது. தண்டில் திரும்ப வைத்தார். இரண்டு வினாடி வேலை. எனக்கு அது தோன்றவே இல்லை.

“இரண்டாவதைக் காட்டும்போது பேராசிரியரே திருப்பிக்கொள்வார்” என்றார், எனக்கா தனக்கா என்று தெரியாதபடி. அதற்குள் பேராசிரியர் உள்ளே வந்துவிட்டார். மேசையையும் என்னையும் பார்த்தார்.

“ஏதாவது சிக்கலா?”

“இப்போது இல்லை” என்றார் மேலங்கிக்காரர். பிறகு என் பக்கம் திரும்பி, “போங்கள்” என்றார்.

அந்தப் போங்களில் என்ன இருந்தது என்று அன்று முழுவதும் யோசித்தேன். தொங்கு ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு, கடைசி நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். வீட்டில் மனைவி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டாள். சொன்னேன்.

“அவர் துடைக்கத்தானே சொன்னவர்?”

“ஓம்.”

“பிறகேன் கழுவினீங்கள்?”

“மூட்டுக்குள்ள தூசு இருந்தது.”

“இந்தக் குசினி மூலைக்குள்ளயும்தான் தூசு இருக்கு. அது பத்து வருசமா உங்கட கண்ணில படேல்லையே.”

அதற்குப் பிறகு அவள் சமைத்தாள், சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை வேலை முடிய மேற்பார்வையாளர் என்னைத் துப்புரவுப் பொருள் வைக்கும் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு நீள உறை. கதவைச் சாத்தச் சொன்னார். வேலை போய்விட்டது என்றே எனக்குத் தோன்றியது.

“ஆயத்த அறைக்காரரிடமிருந்து தாள் வந்திருக்கிறது. முளையைப் புதிதாகச் செய்ய மரப்பட்டறைக்குக் கொடுக்க வேண்டுமாம். காரணம் எழுதாமல் பட்டறை எடுக்காதாம். எழுதிவிட்டார்.” மூக்குக் கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். “மாதிரிகள் தண்ணீரில் கழுவப்பட்டன. ஒரு முளை உடைந்தது. துப்புரவுப் பணியாளர் தானாகவே அறிவித்தார்.”

பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“பதினைந்து வருடம் இந்த வேலை செய்கிறேன். உடைத்தவன் எவனும் தானாகப் போய்ச் சொன்னதில்லை. அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போவான். உனக்கு மூளை இல்லையா?”

“கடிதம்?” என்றேன்.

“முதலாளியோடு ஒரு மணி நேரம் சண்டை பிடித்தேன். தானாகச் சொன்னவனை அனுப்பிவிட்டு ஒளிக்கிறவனை வைத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டார். எழுத்தில் எச்சரிக்கையும் போட்டார். இரண்டும் இதற்குள் இருக்கிறது. எச்சரிக்கை உனக்கு. கடிதம் அவர்களுக்கு. மாற்றிக் கொடுத்துவிடாதே.”

எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த துணியை மடித்தேன், விரித்தேன், மடித்தேன். அவர் என்னை வெளியே தள்ளிவிட்டார்.

வியாழக்கிழமை காலை மனைவி வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டாள். போகிற வழியெல்லாம் ஒரே பாடம்தான்.

“கேட்டதை மட்டும் குடுங்கோ. கேளாததைக் குடுக்காதேங்கோ. விளங்குதே?”

“விளங்குது.”

“எச்சரிக்கைத் தாளை என்னட்டத் தாங்கோவன்.”

“வேண்டாம், அது என்ர பேருக்கு வந்தது.”

அந்தப் பதிலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. பயத்தில் சொன்னது. எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். உள்ளே இளம் அதிகாரி ஒருவர், தலைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண். கடவுச்சீட்டுகளை வாங்கினார். வாடகை ஒப்பந்தத்தை வாங்கினார். வேலைக் கடிதம் என்று கேட்டார்.

நான் முழு உறையையும் எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டேன்.

மேசைக்குக் கீழே மனைவியின் கால் என் காலை மிதித்தது. ஆனால் பிந்திவிட்டது. அதிகாரி இரண்டு தாளையும் எடுத்து விரித்தார். முதலில் கடிதத்தை வாசித்தார். பிறகு எச்சரிக்கையை வாசித்தார். அதைக் கடிதத்தைவிட நீண்ட நேரம் வாசித்தார். சூடாக்கியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

“மரத்தைத் தண்ணீரில் போடக் கூடாது என்று தெரியாதா?”

“இப்போது தெரியும்.”

“இதை ஏன் என்னிடம் தருகிறீர்கள்?”

“உறைக்குள் இருந்தது” என்றேன்.

அவர் இரண்டு தாளையும் கடவுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். கதவு மூடியது. மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை மடியில் வைத்து, தைத்த பட்டியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “பைக்குள்ள காய்ச்சல் மருந்தும் வச்சனியோ?” என்று கேட்டேன். ஓம் என்று தலையை ஆட்டினாள். எத்தனை நிமிடம் போனது என்று தெரியாது. என் வாழ்க்கையில் ஊரை விட்டுக் கடலைக் கடந்த நாளிலும் நான் அவ்வளவு பயந்ததில்லை. அன்று இளமை இருந்தது, இழக்க எதுவும் கையில் இருக்கவில்லை.

கதவு திறந்தது. அதிகாரி உட்கார்ந்தார். எச்சரிக்கைத் தாளை மேசையில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“இது எனக்குத் தேவையில்லை. இது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் உள்ளது. எனக்குத் தேவை வேலை நிரந்தரமா, உங்களை நீக்கியிருக்கிறார்களா என்பது மட்டும். நிரந்தரம் என்று எழுதியிருக்கிறது. நீக்கவில்லை என்று எழுதியிருக்கிறது.”

கடவுச்சீட்டுகளைத் திறந்து எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டினார். உள்ளே பச்சையாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு வருட விசா. நான் வைத்த கையெழுத்து என் கையெழுத்துப் போலவே இல்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி பக்கத்தில் நின்று இரண்டு கடவுச்சீட்டையும் மாறி மாறித் திறந்து பார்த்தாள். பெயர்களை வாசித்தாள், பிறந்த தேதிகளை வாசித்தாள். எல்லாம் சரியாக இருந்தபின் என் தோளைத் தட்டினாள்.

“இனி எதையாவது கழுவுறதெண்டா என்னட்டக் கேட்டிட்டுக் கழுவுங்கோ.”

பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு இன்னும் பயமாகவே இருந்தது. யாராவது பின்னால் ஓடி வந்து, பிழை நடந்துவிட்டது, திருப்பித் தாருங்கள் என்று கேட்பார்கள் என்று எண்ணி, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அச்சில் வந்தால் யாராவது வாசித்து, அந்தப் பச்சைத் தாளைக் கிழித்துவிடுவார்களோ என்று நினைத்தேன். அப்படி நடக்காது என்று மனைவி சொல்கிறாள். இன்று காலை அவள் தாளும் பேனையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். எழுதி முடிக்க மாலையாகிவிட்டது.

வுப்பர்டால், 2008 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.